அந்தச் சரிவில் லின்சுரா இல்லை

க்லெனோவா, கோலியா மலை
21 மே 2019

திஹோமிருக்கு,

உன் தங்கை ஸ்மில்யாவிடம் உன் விலாசத்தை வாங்கினேன். எதற்கு என்று கேட்டாள். புத்தாண்டு வாழ்த்து அனுப்ப என்றேன். மே மாதத்தில் என்ன புத்தாண்டு என்று கேட்காமல் விட்டது அவள் பெருந்தன்மை.

நாற்பத்து மூன்று வருடம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிக்கும் வரிகளை இப்போதைக்குத் தள்ளி வைக்கிறேன். கடைசியில் தெம்பு இருந்தால் எழுதுவேன்.

என் வீட்டுக்காரர் ராதிசாவ், இவானித்சா டவுன் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். கொண்டுபோய்ச் சேர்த்தபோது நாடி முப்பத்து நான்கு. "இந்த நாடியோட இவரு எப்படிப் பேசறாரு" என்று டாக்டர் பெண் என்னைக் கேட்டாள். பக்கத்து வீட்டுக் காரின் பின்னிருக்கையில், என் மடியில் தலை வைத்து, வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தார். பிழைத்துவிட்டார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மிலுங்காவின் வீடு உனக்கு ஞாபகம் இருக்கும், நம் மூலிகைக் கொள்முதல் நிலையத்துக்கு நேர் கீழே. மிலுங்கா போன பிறகு பூட்டியே கிடந்தது. போன வருடம் பெல்கிரேடிலிருந்து ஒரு ஜோடி வந்து வாங்கினார்கள். ஓக்னியென், கதரினா. நல்ல பிள்ளைகள். மண்வெட்டி பிடிக்கத் தெரியாது, ஆனால் எதையும் கேட்டுத்தான் செய்வார்கள். எங்களைக் கேட்க மாட்டார்கள், தொந்தரவு கொடுக்கக் கூடாதாம். போனில் கேட்பார்கள். 'கோலியாத் தோட்டங்கள்' என்று ஒரு குழு, முப்பதாயிரம் பேர்.

தோட்டத்தின் கீழ் ஓரத்தில் அகல இலையோடு ஏதோ முளைத்திருக்கிறது, களையா, விட்டு வைக்கலாமா என்று படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். "பிடுங்கி எறிந்துவிடாதீர்கள், இது லின்சுரா, இந்த மலையின் தங்கம். ஒரு வேரை மட்டும் எடுத்து நறுக்கி ராக்கியாச் சாராயத்தில் ஊறப் போடுங்கள். வயிற்றுக்கு இதைப் போல மருந்து கிடையாது" என்று பதில் வந்திருக்கிறது. எழுபது பேர் அதற்கு இதயம் போட்டிருக்கிறார்கள்.

போன வியாழக்கிழமை ஓக்னியென் பாட்டிலோடு வந்தான். நான் தொழுவத்தில் இருந்தேன். "ராதிசாவ் மாமா, எங்க தோட்டத்து லின்சுரா. முதல் பாட்டில் உங்களுக்குத்தான்." அவன் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்து நிறுத்திக்கொண்டான். இவருக்கு முதல் கிளாஸிலேயே நாக்கு மரத்துவிட்டதாம். "அப்புறம் ஏன் ரெண்டாவது குடிச்சீங்க" என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன். "ஆசையா கொண்டாந்தான். மனசு நோகுமேன்னு குடிச்சேன்" என்கிறார்.

மறுநாள் போய் அந்தச் செடியைப் பார்த்தேன். லின்சுராவில் இருப்பது போல இலைகள் எதிரெதிராக ஜோடி சேரவில்லை. ஒன்று மேலே, ஒன்று கீழே என்று தனித்தனியாக ஏறியிருந்தன. இலையைத் திருப்பினால் அடியில் பூனை வயிறு போல ரோமம். வேரை வெட்டினேன், உள்ளே மஞ்சள் இல்லை, வெளுப்பு. மாடுகூட வாய் வைக்காத விஷச் செடி, செமெரிகா.

யார் சொன்னது என்று கேட்டேன். கதரினா அழுதுகொண்டே போனை நீட்டினாள். "பேராசிரியர் திஹோமிர் சொன்னாரு அத்தை. எல்லாரும் அவரைத்தான் கேப்பாங்க." உன் படம் இருந்தது. தலையில் முடி இல்லை, மீசை மட்டும் அதே மீசை. உன்னைத் தெரியும் என்று அவளிடம் நான் சொல்லவில்லை.

நீ அந்த இலையைப் பார்த்தாயா, திஹோமிர்? அதை மட்டும் சொல். தொலைபேசியில் கேட்டிருக்கலாம். உன் குரல் கேட்டால் கத்திவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

நெவெங்கா


பாஞ்செவோ
28 மே 2019

அன்புள்ள நெவெங்கா,

படம் மங்கலாக இருந்தது என்று எழுதி ஒரு தாளைக் கிழித்துப் போட்டேன். படம் மங்கல் இல்லை. நீ சொன்ன பிறகு திரும்ப எடுத்துப் பார்த்தேன். இலைகள் தனித்தனியாகத்தான் ஏறியிருக்கின்றன. நிலையத்தில் எடை போடத் தராசில் உட்கார்ந்த முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்ட பாடம் அது. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை.

ராதிசாவ் எப்படி இருக்கிறான் என்று தயவுசெய்து உடனே எழுது.

என்னை நியாயப்படுத்த இதை எழுதவில்லை, நடந்தது உனக்குத் தெரிய வேண்டும். என் மனைவி ருஷித்சா போய் ஆறு வருடம் ஆகிறது. மகன் ஆஸ்திரியாவில் இருக்கிறான். போன முறை வந்தபோது இந்தப் போனை வாங்கிக் கொடுத்து, "அப்பா, இதுல உங்க மலை இருக்கு பாருங்க" என்று அந்தக் குழுவில் சேர்த்துவிட்டுப் போனான். காலையில் காபியோடு அதைத் திறப்பேன். அவர்கள் செடியைக் காட்டிப் பெயர் கேட்பார்கள். நான் செடிக்குப் பின்னால் இருக்கும் வேலியை, புல்வெளியை, வைக்கோல் போரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஏதாவது பதில் எழுதினால் இன்னொரு படம் போடுவார்கள். அதற்காகவே எழுத ஆரம்பித்தேன். முதலில் எல்லாம் சரியாகத்தான் சொன்னேன். நான் பேராசிரியர் இல்லை என்றும் ஒரு முறை எழுதினேன். "அடக்கத்தைப் பாருங்க" என்று பதில் வந்தது. அதற்கப்புறம் நான் மறுக்கவில்லை. ஆறு வருடமாக யாரும் என்னை எதற்கும் கூப்பிட்டதில்லை, நெவெங்கா.

அந்தப் படத்தில் இலைக்குப் பின்னால் நம் நிலையத்தின் தகரக் கூரை தெரிந்தது, ஒரு மூலை மட்டும். பக்கத்தில் அந்தக் காட்டுப் பேரிக்காய் மரம். 73-ஆம் வருடம் ஜூலையில் அந்தக் கூரைக்கு அடியில் நாம் மழைக்கு ஒதுங்கி மூன்று மணி நேரம் நின்றோம். உன் சாக்கில் இருந்த வேர்களை எண்ணச் சொன்னாய். எண்ணுவது போல நடித்தேன். உன் கை முழுக்க மஞ்சள் கறை. அந்தச் சரிவு என்றாலே எனக்கு லின்சுராதான். விரல் தானாக எழுதிவிட்டது.

அந்தப் பதிலை நீக்கிவிட்டேன். வேறு என்ன செய்ய வேண்டும் என்று சொல். நேரில் வரச் சொன்னால் நாளைக்கே புறப்படுகிறேன்.

திஹோமிர்


க்லெனோவா
5 ஜூன் 2019

திஹோமிருக்கு,

ராதிசாவ் வீட்டுக்கு வந்துவிட்டார். நாடி ஐம்பத்தெட்டு. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து போகிற வருகிறவர்களிடம் எல்லாம் தன் நாடியைச் சொல்கிறார். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். மழை வரியையும் சேர்த்துத்தான். முழுக்கக் கேட்டுவிட்டு, "நாப்பத்து மூணு வருஷம் காத்திருந்து போட்டான் பாரு ஒரு போடு" என்றார். இரண்டு வாரத்தில் அன்றுதான் சிரித்தேன்.

இப்போது நான் சொல்வதைக் கேள்.

மூன்று மணி நேரம் இல்லை, ஒரு மணி நேரம்கூட இல்லை. நீ ஏதோ சொல்ல வாயைத் திறந்தாய். நான் காத்திருந்தேன். "மழை விட்டுருச்சு" என்றாய். அவ்வளவுதான் நடந்தது. அடுத்த வருடம் ராதிசாவ் லாரியை நிறுத்தி இறங்கி வந்து, "என்னைக் கட்டிக்கிறியா, இல்ல வேற ரூட்டுக்கு மாத்தல் கேக்கட்டுமா" என்று கேட்டார். கேட்டவரைக் கட்டிக்கொண்டேன்.

இன்னொன்று. அந்தச் சரிவில் லின்சுரா இல்லை. நீ ஊரை விட்டுப் போன வருடமே கடைசிச் செடிகள் போய்விட்டன. யார் எடுத்தது என்று நினைக்கிறாய்? நான் தோண்டினேன், நீ எடை போட்டாய், அவர் லாரியில் ஏற்றினார். ஒரு வேர் கட்டைவிரல் கனம் ஆக எத்தனை வருடம் ஆகும் என்று நமக்குத் தெரியும், தெரிந்தேதான் எடுத்தோம். மற்றதை எல்லாம் ஆடு மாடு மேய்ந்தது. மேயாதது பரவியது. இப்போது வந்து பார்த்தால் மேலிருந்து கீழ்வரை செமெரிகாதான். லின்சுராவைத் தோண்டுவது இப்போது சட்டப்படி குற்றம் வேறு. நீ பாஞ்செவோவில் உட்கார்ந்துகொண்டு அதை முளைக்க வைத்திருக்கிறாய்.

நீக்கிவிட்டேன் என்கிறாய். உன் பதிலுக்குக் கீழே இன்னொரு பெண், "எங்க தோட்டத்திலும் இருக்கு, நாங்களும் போடறோம்" என்று எழுதியிருந்தாள், கதரினா காட்டினாள். நீ நீக்கியது அவளுக்கு எப்படித் தெரியும்? உன் பெயரிலேயே, எல்லோரும் பார்க்கிற இடத்தில், தப்பு என்று எழுது. என்ன நடந்தது என்றும் எழுது.

ஓக்னியெனிடமும் பேசு. ஊரில் அவர்களோடு யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ரொட்டிக் கடையில் ஒருத்தி, "எங்களுக்கு உங்க பாட்டில் எதுவும் வேணாம்மா" என்றாளாம். கதரினா வீட்டை விற்றுவிடலாம் என்கிறாள். மனிதனைக் கொல்லப் பார்த்தோம் என்று அந்தப் பிள்ளைகள் தூங்குவதில்லை. அந்தப் பாரத்தில் உன் பங்கை நீ எடுத்துக்கொள்.

இப்போது வராதே.

நெவெங்கா


பாஞ்செவோ
14 ஜூலை 2019

அன்புள்ள நெவெங்கா,

உன் கடிதம் வந்த அன்றே குழுவில் எழுதிவிட்டேன். நான் பேராசிரியர் இல்லை, மூலிகை நிலையத்தில் தராசுக்காரன், அந்தப் படத்தில் இருப்பது செமெரிகா, என் சொல்லை நம்பி ஒரு மனிதர் சாகக் கிடந்தார் என்று. கீழே கொட்டித் தீர்த்தார்கள். ஒருவன் "சரிங்க தராசுக்காரரே" என்று எழுதினான். கேலிக்குத்தான். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. நீ சொன்ன அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்தேன். வேரைக் கழுவி வெயிலில் காய வைத்திருந்தாள். ஊறப் போடவில்லை.

அவள் போனை வைத்ததும் ஒன்று தோன்றியது. இதைப் பார்க்காமல் சொன்னேன் என்றால் வேறு எதையெல்லாம் பார்க்காமல் சொன்னேன்? இரண்டு வருடத்தில் ஆயிரத்து நூற்று நாற்பது பதில். ஒவ்வொன்றாகத் திறந்து, படத்தைப் பெரிதாக்கி, புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன். ஐந்து வாரம் ஆனது. அதனால்தான் உனக்கு எழுதவில்லை. பதினொன்று தப்பு.

பதினொரு பேரையும் கூப்பிட்டேன். ஸ்மெதெரேவோவில் ஒருவர், ஓய்வு பெற்ற பல் டாக்டர். நான் சாமந்தி நாற்று என்று சொன்னதை நம்பி இரண்டு கோடையாகத் தண்ணீர் விட்டு வளர்த்திருக்கிறார். அது அம்ப்ரோசியா, தும்மல் கிளப்பும் களை. "அதான் எங்க தெருவே தும்முதா" என்றார். பிறகு "களை எடுக்கலன்னு முனிசிபாலிட்டி மேல மனு எழுதிப் போட்டது நான்தான்" என்றார்.

சிரிக்க முடியாததும் ஒன்று இருந்தது. ஒரு பெண்ணிடம் காட்டுப் பூண்டு என்று சொல்லியிருக்கிறேன். அது காட்டுப் பூண்டு போலவே இலை விட்டு இலையுதிர்காலத்தில் பூக்கும் விஷச் செடி, ஆளைக் கொல்லி. பூண்டு வாசம் வருகிறதா என்று கசக்கி முகர்ந்து பாருங்கள் என்றுகூட நான் சொல்லவில்லை. அவள் போனை எடுக்கும்வரை மணி ஏழு முறை அடித்தது. "ஆம்லெட்ல போட்டேன், கசந்துச்சு, கோழிக்கு வெச்சேன். அதுவும் தொடல. ஏன் கேக்கறீங்க?" என்றாள். சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. குழந்தைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், பக்கத்தில் இருக்கிறார்களா என்று பார்ப்பது போல. அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

ஓக்னியெனிடம் பேசினேன். மன்னிப்புக் கேட்க வாக்கியமெல்லாம் எழுதி வைத்திருந்தேன். அவன் என்னை முடிக்க விடவில்லை. "நீங்க தப்பா சொன்னீங்க சார். ஆனா பக்கத்து வீட்டுல நெவெங்கா அத்தை இருந்தாங்க, நாங்க அவங்களைக் கேக்கலையே" என்றான். ஊர்ப் பஞ்சாயத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லி, தப்பு முழுக்க என்னுடையது என்று கையெழுத்துப் போட்டு ஒரு தாள் அனுப்பியிருக்கிறேன். ரொட்டிக் கடைக்காரி படிப்பாள் என்று நம்புகிறேன்.

குழுவை விட்டு வந்துவிட்டேன். காலைக் காபி அப்படியே ஆறிப் போகிறது.

லின்சுராவைப் பற்றி நீ எழுதியது சரி. எடை போட்டது நான். எத்தனை மூட்டை என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

ராதிசாவை நேரில் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நீ வேண்டாம் என்றால் வரவில்லை.

திஹோமிர்


க்லெனோவா
2 ஆகஸ்ட் 2019

திஹோமிருக்கு,

தாளை ஒட்டிவிட்டார்கள். ரொட்டிக் கடைக்காரி கதரினாவுக்கு ஒரு தட்டுப் பிளம் கேக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். மன்னிப்பு என்று சொல்லவில்லை, தட்டைத் திருப்பித் தா என்று மட்டும் சொன்னாளாம். வீட்டை விற்கும் பேச்சு நின்றுவிட்டது.

"வரச் சொல்லு. ஆனா வெறுங்கையோட வரச் சொல்லு, குடிக்கிற சாமான் எதுவும் வேணாம்" என்கிறார் ராதிசாவ்.

ஆகஸ்ட் 24, சனிக்கிழமை. பதினொன்றரை மணி பஸ்ஸில் வா. இவானித்சாவில் கதரினாவும் நானும் காத்திருப்போம்.

நெவெங்கா


பாஞ்செவோ
1 செப்டம்பர் 2019

என் அன்பு நெவெங்கா,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த முட்டைக்கோஸ் உருண்டைகளை பஸ்ஸிலேயே தின்று தீர்த்தேன். ராதிசாவும் நானும் ஓக்னியெனும் அரிவாளோடு அந்தச் சரிவில் நின்றதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். பத்தடி செமெரிகா வெட்டுவதற்குள் மூன்று பேரும் உட்கார்ந்துவிட்டோம். "இதை இன்னும் நாப்பது வருஷம் வெட்டலாம்" என்று ராதிசாவ் சொன்னான். நான் சொல்ல வந்ததை அவன் சொல்லவே விடவில்லை. வாயைத் திறந்த ஒவ்வொரு முறையும் சீஸ் தட்டை நகர்த்தினான்.

ஒன்று சொல்லட்டுமா, நீ கொஞ்சமும் மாறவில்லை. அடுப்பு முன்னால் நீ நின்றபோது 73-ஆம் வருடம் திரும்பி வந்துவிட்டது போல இருந்தது.

இனி வாரா வாரம் எழுதலாம் என்று இருக்கிறேன். உனக்கு மட்டும். பேச எனக்கு வேறு யாரும் இல்லை.

உன் திஹோமிர்


க்லெனோவா
19 செப்டம்பர் 2019

அன்புள்ள திஹோமிர்,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்கு உருளைக்கிழங்கு அறுவடையைக் காரணம் சொல்லலாம். அது முழுக் காரணம் இல்லை.

நான் மாறவில்லை என்று எழுதியிருக்கிறாய். பஸ் நிலையத்தில் நீ இறங்கியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நேராக என்னைப் பார்த்தாய். "கொஞ்சம் வழி விடுங்கம்மா" என்று சொல்லி, என் கூடையைத் தாண்டிப் போய், கதரினா முன்னால் நின்று "நெவெங்கா" என்றாய். முப்பத்து நான்கு வயதுப் பெண்ணிடம். அவள் திகைத்துப் போய் என்னைக் கை காட்டினாள். வெயில் கண்ணைக் கூசுகிறது என்று சிரித்து மழுப்பினாய். அன்று மேகமூட்டம்.

நானும் சிரித்தேன். ஆனால் நீ இருந்த நான்கு நாளும் உள்ளுக்குள் கோபம்தான். சூப் ஊற்றும்போதெல்லாம், இவன் தட்டில் கொஞ்சம் குறைவாக ஊற்றுவோமா என்று நினைத்தேன். எழுபது வயதில் இப்படி ஒரு கோபம் வரும் என்று நினைக்கவில்லை. அழகு போய்விட்டது என்பதற்காக இல்லை. இத்தனை வருடமாக என்னை நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று உன் கடிதங்களைப் படித்து, சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. நீ நினைத்துக்கொண்டிருந்தது என்னை இல்லை என்று அந்தப் பஸ் நிலையத்தில் புரிந்தது. இரண்டு பிள்ளை பெற்று, ஒன்றை மண்ணுக்குக் கொடுத்து, மாடு கறந்து, முழங்கால் தேய்ந்தவளை உனக்குத் தெரியாது. நீ கேட்டதும் இல்லை. நான்கு நாளில் எங்கள் மகனைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை நீ. அவன் பெயர் வுகாஷின். இறந்தபோது வயது பத்தொன்பது.

அதனால் வாரா வாரம் எனக்கு மட்டும் எழுதாதே. அந்தக் கடிதங்களை வாங்க இங்கே ஆள் இல்லை.

இது கோபத்தில் எழுதியது இல்லை. கோபம் போய்விட்டது. எப்படிப் போனது என்று சொல்கிறேன். நீ ஊருக்குப் போன மறுநாள் ராதிசாவ் வாசலில் உட்கார்ந்திருந்தார். காபி கொண்டுபோனேன். இரண்டு கோப்பை கொண்டு வரச் சொன்னார். ஏன் என்றேன். "பழக்கதோஷம். அவன் இருந்தான்ல" என்றார். அப்புறம், "என் பழைய லாரியோட நம்பர் அவனுக்கு ஞாபகம் இருக்கு, நெவெங்கா. எனக்கே மறந்து போச்சு" என்றார். நீங்கள் இரண்டு பேரும் நான்கு நாளும் அதைத்தான் பேசினீர்கள் என்று எனக்குத் தெரியாது. எந்த வளைவில் பிரேக் பிடிக்காது, எந்த ஓட்டுநர் எந்தப் பாலத்தில் விழுந்தான் என்று. அந்த லாரிகளை ஓட்டிய மற்றவர்கள் யாரும் இன்று உயிரோடு இல்லை. பேசக் கூடிய ஒரே ஆள் பாஞ்செவோவில் இருக்கிறான்.

டாக்டர் போன வாரம் பார்த்தாள். இதயம் அந்த நாளுக்கு முன்பே களைத்துப்போன இதயம்தானாம், அந்தப் பாட்டில் அதைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான் என்றாள். காலையும் மாலையும் மாத்திரை. குளிர்காலத்தில் வெளியே விடாதீர்கள் என்கிறாள். ஐந்து மாதம் இவரை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன் என்று தெரியவில்லை.

எழுது. வாரா வாரமே எழுது. ஆனால் உறையின் மேல் இரண்டு பேர் பெயரையும் போடு. லாரிகளைப் பற்றி எழுது, பாலங்களைப் பற்றி எழுது. என்னிடம் கேட்க ஏதாவது இருந்தால் கடைசியில் கேள், நான் பதில் சொல்கிறேன். அவர் விரல் வைத்து மெதுவாகத்தான் படிப்பார். அதனால் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுது.

நெவெங்கா

நானும்தான். கையெழுத்து இப்படித்தான் வருகிறது, தப்பாக நினைக்காதே. பாலத்திலிருந்து கடைசியாக விழுந்தது ஸ்லாவோமிரின் லாரியா, மோமிரின் லாரியா? சண்டை நடக்கிறது. ராதிசாவ்.